பட்டாளத்துப் பொடி

என் கழுத்திலும் முழங்கையிலும் இருக்கிற வெளிறிய திட்டுகளைப் பார்த்துவிட்டு, வேதக்கோயிலில் என் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் ஒரு முழம் தள்ளி உட்காருகிறார்கள். வாய்விட்டுக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கேட்காமலே தள்ளி உட்காருகிறவர்களை என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது குஷ்டம் இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. மருந்தால் வந்தது. எப்படி வந்தது, அதனால் என் வீட்டில் என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரர் செல்லத்துரைக்குக் கல்மண்டபத்தில் கருப்பட்டி, வத்தல் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவருடைய அக்கா, அதாவது என் மதினி, புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். எனக்கு அப்போது ஒரே பெண், எஸ்தர், நாலு மாதக் கைக்குழந்தை. என் பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள். சங்கில் பசும்பால் புகட்டினால் நாக்காலேயே தள்ளிவிடுவாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது என்று அத்தான் சொல்வார். வீட்டுக்காரரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக் கிடங்குகளைக் காலிபண்ணி ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்துப் பக்கத்து வியாபாரிகளுக்கெல்லாம் ஏலப் பித்துப் பிடித்திருந்தது. வத்தல் விற்கிறவர் கம்பளி வாங்கினார், கருவாடு விற்கிறவர் தொப்பி வாங்கினார். எதற்கு என்று கேட்டால் மலிவாகக் கிடைத்தது என்பார்கள். அத்தானும் ஒரு பெட்டி எடுத்துவந்தார். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், பிரித்தால் வெள்ளைப் பொடி. குண்டடி பட்ட சிப்பாய் காயத்தின் மேல் அப்படியே தூவிக்கொள்ள வேண்டியது, சீழ் பிடிக்காது. சல்பா என்று பெயர். எங்கள் தெருவில் அது பட்டாளத்துப் பொடி ஆகிவிட்டது. யார் காலில் கண்ணாடி கீறினாலும் கடைக்கு வந்து ஒரு பொட்டலம் வாங்கிப்போவார்கள். அத்தான் யாரிடமும் காசு வாங்கவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

கஞ்சி வடிக்கும்போது எனக்கு முன்கையில் கொட்டிவிட்டது. அத்தான் தினமும் தன் கையாலேயே பொடி தூவினார். புண் அழகாக ஆறியது. தெருவே பார்த்து மெச்சியது. கொஞ்ச நாள் கழித்து, ஆவணிப் புழுக்கத்தில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு கிளம்பி, சொறிந்து சொறிந்து புண்ணாயிற்று. மறுபடியும் பொடி. மறுநாள் கழுத்து மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. அதற்கு அடுத்த நாள் முகம் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. பிறகு மார்பு, வயிறு, தொடை என்று சிவப்பு இறங்கியது. அதன்மேல் ஊசிமுனைக் கொப்புளங்கள் கிளம்பி, உடைந்து, நீர் வடிந்து சேலை ஒட்டிக்கொண்டது.

பின்சந்தில் இருந்த மீன்காரி பவுனம்மாதான் முதலில் ஓடிவந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை உண்டு. பிள்ளையை இடுப்பிலும் வேப்பிலைக் கொத்தைக் கையிலுமாக வாசலில் நின்றாள்.

"இன்னாமே இது, ஒடம்பெல்லாம் செவந்துகீது? ஆத்தா எறங்கிக்கீறா. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு எங்கியும் இட்டுகினு போவாதீங்க."

"நாங்க வேதக்காரங்க, பவுனம்மா" என்றாள் மதினி.

"ஆத்தாளுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? அவ எல்லார் வூட்டுக்கும்தான் வருவா."

அத்தான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. ரிக்‌ஷா கொண்டுவந்தார். எஸ்தரை மதினி கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே மார்பில் பால் கட்டி வலித்தது. நாளைக்கே வந்துவிடுவேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். காலை நீட்டி உட்கார எனக்கு நல்ல இடம் கிடைத்தது. டாக்டர் ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அம்மைக் கொப்புளம் தோலுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும், அழுத்தினால் பயறு மாதிரிக் கையில் தட்டுப்படும், இது மேலாக இருக்கிறது, அம்மை இல்லை என்றார். அப்படியானால் என்ன என்று கேட்டேன். "பார்க்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிறகு எத்தனை தரம் கேட்டேனோ, கணக்கில்லை.

பெண்கள் வார்டின் கோடியில் ஒரு தட்டி வைத்து மறைத்து எனக்குக் கட்டில் போட்டார்கள். குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நீர் வடிகிற உடம்பிலிருந்து குழந்தைக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும், குழந்தையிடமிருந்து எனக்கும் வரும் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். தொடையில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, ஒரு பருப்பு அளவுக்குத் தோலை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். போர்வையை விலக்கி, குச்சியால் என்னைக் காட்டிக் காட்டி இங்கிலீஷில் பேசினார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கும் சொல்லுங்க டாக்டர். என் தோல்தானே" என்றேன்.

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தனியாக வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நம் தோல் இரண்டு அடுக்கு. மேல்தோல் மிகவும் மெல்லியது, வெங்காயத்துக்குள் இருக்கிற சவ்வு மாதிரி. அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதன் அடிவரிசையில் புதுத் தோல் பிறந்துகொண்டே இருக்கிறது. பிறந்தது மெல்ல மேலே ஏறி, முற்றி, காய்ந்து, நமக்குத் தெரியாமலே தூசியாக உதிர்கிறது. அதற்கு ஒரு மாதம் போல ஆகும். கீழே இருக்கிற அடித்தோலில்தான் ரத்தக் குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் இருக்கின்றன. ஆகாத பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று உடம்பு நினைத்தால் அந்தக் குழாய்கள் விரிகின்றன. அதுதான் சிவப்பு, அதுதான் சூடு. விரிந்த குழாயிலிருந்து நீர் கசிந்தால் வீக்கம். கசிந்த நீர் மேல்தோலுக்குள் ஏறித் தேங்கினால் கொப்புளம். உடைந்தால் வடியும், காய்ந்தால் பொருக்குத் தட்டிப் பக்காகும். இத்தனை கலவரத்தில் அடிவரிசை அவசர அவசரமாகத் தோலைப் பெற்று மேலே தள்ளுகிறது. ஒரு மாத வேலையை நாலைந்து நாளில் செய்தால் எப்படி இருக்கும்? அந்த முற்றாத தோல்தான் செதில் செதிலாகக் கொட்டுகிறது.

"ஆகாத பொருள் எது?" என்று கேட்டேன்.

"அதுதாம்மா தெரியலை. பார்க்கணும்."

கொட்டியது என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. காலையில் ஆயா கட்டிலின் கீழே துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு போவாள். உள்ளங்கைத் தோல் கையுறை மாதிரிக் கழன்றது. தலைமுடி தலையணையில் கிடந்தது. துணி பட்டால் ஒட்டிக்கொண்டு ரத்தம் வருகிறது என்று வாழை இலையில் படுக்கவைத்தார்கள். ஊதா நிற மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை உடம்பெல்லாம் போர்த்தினார்கள். ஊரெல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது நான் குளிரில் பல் கிட்டிப் படுத்திருந்தேன். ரத்தமெல்லாம் தோலுக்கு வந்துவிடுவதால் உடம்பின் சூடு வெளியே ஓடிவிடுகிறதாம். இரவுகளில் அரிப்பு அதிகமாகும். சொறியக் கூடாது என்று கைகளுக்குத் துணி கட்டிவிட்டார்கள். செத்துப்போகிறேன் ஆண்டவரே, ஆனால் அரிக்காமல் சாகிறேன் என்று ஜெபம் பண்ணினேன். என் நாற்றம் எனக்கே தெரிந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பால். மார்பின் தோலும் உரிந்திருந்தது. நர்ஸ் ஒரு பீங்கான் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்து, தட்டிக்குப் பின்னால் தொட்டியில் ஊற்றுவாள். ஊற்றுகிற சத்தம் கேட்கும். அங்கே என் குழந்தை என்ன குடிக்கிறாள் என்று அத்தானிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினார்.

"ஒரு நாள் பூரா ஒண்ணும் குடிக்கல, ஞானம். அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. பவுனம்மா வந்து வாங்கிக்கிட்டா. மீன்காரி பாலான்னு அக்கா குதிச்சா. பிள்ளை பசியில கெடக்கும்போது என்ன பால்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

"குடிச்சாளா?"

"குடிச்சுட்டுத் தூங்கிட்டா."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. இங்கிருந்து எழுந்துபோய் என் பிள்ளையை என் மார்பில் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது.

அத்தானைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டுத் தினமும் சாயங்காலம் வருவார். படுக்கைக்குக் காசு இல்லை என்றாலும் முட்டை, பால், வாழை இலை, ஆயாவுக்குக் கைக்காசு என்று போய்க்கொண்டே இருந்தது. தோல் வழியாகச் சத்தெல்லாம் வடிகிறது, நிறைய முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், அவித்து உரித்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வாயில் ஊட்டுவார். என் முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர் அந்த வார்டுக்கு வந்தவர்களில் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஈரத்துணி போடுவது ஒரு வைத்தியம் என்று அவர் மனம் ஒப்பவில்லை. "வெறும் தண்ணித் துணியில எப்படி ஆறும்? தர்ம ஆஸ்பத்திரிலா, நல்ல மருந்து குடுக்க மாட்டான்" என்பார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, துணியை விலக்கி, கழுத்திலும் கையிலும் மார்பிலும் மெதுவாகத் தூவி மூடிவிடுவார். நானும் நல்லாத் தூவுங்க அத்தான் என்றுதான் சொன்னேன். என் முன்கையை ஆற்றிய மருந்து அல்லவா.

ஓய்ந்து வருகிற மாதிரி இருக்கும், மறுபடி எரியும். டாக்டருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் என்னைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார். முதுகு மட்டும் ஆறிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மட்டும் ஏன் இப்படி என்று முழங்கை மடிப்பை விரித்து விளக்கைக் காட்டினார். மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

சொன்னேன். கஞ்சி கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவை தூவியபோது உடம்பு அந்தப் பொடியை ஆகாதது என்று கற்றுக்கொண்டுவிட்டது, இரண்டாம் தடவையிலிருந்து அடையாளம் கண்டு எதிர்க்கிறது, புண் மேல் தூவினால் சிலருக்கு இப்படி ஆகிறது என்று இப்போதுதான் எங்களுக்கே தெரியவருகிறது என்றார்.

சாயங்காலம் அத்தான் வருகிறவரை காத்திருந்து, வார்டு நடுவில் நிற்கவைத்துப் பேசினார்.

"இவங்க உடம்புக்கு இது விஷம். ஒரு துளி பட்டாலும் மறுபடி இப்படித்தான் ஆகும், உயிரே போயிடும். இனிமே உங்க வீட்டுப் பக்கமே இந்த மருந்து வரக் கூடாது. புரியுதா?"

அத்தான் தலையை ஆட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. மறுநாள் வந்து என் பக்கம் பார்க்காமல், "இருந்த பொட்டலம் அவ்வளவையும் கடல்ல கொட்டிட்டேன்" என்றார். "நான்தான் உன்ன உரிச்சேன், ஞானம்" என்று சொல்லிவிட்டு அழுதார். விடுங்க அத்தான், தெரிஞ்சா செஞ்சீங்க என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் தேறினேன். நீர் நின்றது. பக்கு உதிர்ந்தது. கீழே பிறந்த தோல் சிவந்து, மினுங்கி, காற்றுப் பட்டாலே கூசியது. கழுத்திலும் முழங்கையிலும் மட்டும் பழைய நிறம் கடைசிவரை திரும்பவில்லை. பால் மட்டும் வற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் வராத நேரத்திலும் நானே பீய்ச்சிப் பார்ப்பேன். இரண்டு சொட்டாவது வந்தால், பிள்ளை வாய் வைத்தால் மறுபடி ஊறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அத்தான் சில நாள் வரவில்லை. தெருவெல்லாம் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது எஸ்தர் எப்படி என்று கேட்டேன். "நல்லாருக்கா" என்றார். முன்பெல்லாம் கேட்காமலே சொல்வார், குப்புற விழுந்தாள், கருப்பட்டியை நக்கினாள் என்று. இப்போது நல்லாருக்கா, அவ்வளவுதான். களைப்பு என்று நினைத்தேன். நான் மக்கு இல்லை. ஆனால் நினைக்க விரும்பாததை மனசு நினைப்பதில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் மதினி என்னைப் பார்த்து உள்ளே போய்விட்டாள். பவுனம்மா தன் பிள்ளையோடு வாசலில் நின்றாள். தூளி கட்டியிருந்த கொக்கி வெறுமையாக இருந்தது.

"பிள்ள எங்க?" என்றேன். அத்தான் கடைப்பக்கம் திரும்பி நின்றார்.

பவுனம்மாதான் சொன்னாள். "யாரும் வாயத் தொறக்க மாட்றாங்க, நான் சொல்றேன். கொயந்த போயிடுச்சுமே. மயையில சளி கட்டிக்கிச்சு. மூச்சு வுட முடியாம மாரு ஏறி ஏறி எறங்குச்சு. தர்ம டிஸ்பென்சரிக்கு நானும் கூடத்தான் போனேன். கபவாதம்னாரு டாக்டரு. மாத்திர குடுத்தாரு, பொடிச்சுப் பால்ல குடுன்னாரு. இன்னா மாத்திரன்னு கொயந்தயோட நைனா கேட்டாரு. சல்பான்னாரு. அவ்ளோதான். வெளிய வந்து காவால கடாசிட்டாரு. நான் எவ்ளோ சொன்னேன். இவ அம்மாவ அது இன்னா பண்ணுச்சுன்னு என் கண்ணால பாத்தேன், அதே ரத்தந்தான இதுவும்னாரு. கற்பூர எண்ணெ தடவிக்கினே குந்திகினு இருந்தாரு."

நான் அழுதேனா, கத்தினேனா, எனக்கு நினைவில்லை. பவுனம்மா என்னைக் கட்டிப் பிடித்தபோது புதுத் தோலில் அவள் கை பட்ட இடமெல்லாம் எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுபடி காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். எனக்கு ஆகாத மருந்து என் வயிற்றில் பிறந்ததற்கும் ஆகாதா என்று. "யாரும்மா சொன்னது? இது ரத்தத்திலே வர்றதில்லை. உங்க தோல் கத்துக்கிட்டது உங்களுக்குத்தான். குழந்தைக்குத் தாராளமாக் குடுக்கலாம். கபவாதத்துக்கு இன்னைக்கு அதை விட்டா வேற மருந்து ஏது?" என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று அத்தான் கேட்டார். அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மதினி பிறகு திட்டினாள். நான் மட்டும் அதைச் சுமக்க வேண்டுமா? அவர் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. அதற்குப் பிறகும் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். நானும் நேரத்துக்குச் சோறு போட்டேன். எங்களைப் பார்த்தவர்கள் நல்ல குடும்பம் என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

பிறகு ஜெபராஜ் பிறந்தான். ஒரு வயது நிறைவதற்குள் அவனுக்கும் மார்பில் சளி கட்டியது. அதே மூச்சு, அதே ஏற்ற இறக்கம். அத்தானே தூக்கிக்கொண்டு ஓடினார், அவரே மாத்திரையை வாங்கிவந்தார். வாங்கும்போது என்ன மருந்து என்று கேட்டாராம், சொன்னார்களாம், சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து அம்மிக்குழவியைக் கழுவினார்.

"நான் பொடிச்சுத் தாரேன். நீ அந்தப் பக்கம் போயிரு, தொடாத" என்றார்.

அவர் கொடுத்திருப்பார். இப்போது யோசித்தால் சந்தேகமே இல்லை, சரியாகக் கொடுத்திருப்பார். ஆனாலும் அன்றைக்கு நான் மாத்திரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பையன் தேறுகிறவரை ஒவ்வொரு வேளையும் நானே இரண்டு கரண்டிக்கு நடுவில் பொடித்து, ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்துப் பாலில் கலந்து ஊட்டினேன். மதினியையும் விடவில்லை, பவுனம்மாவையும் விடவில்லை. மறுநாளே விரல்கள் சிவந்தன. பிறகு கொப்பளித்து நீர் வடிந்தது. முழங்கை வரைக்கும் பழைய எரிச்சல் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு பொடித்தேன்.

பையன் பிழைத்தான். மூச்சு சீராகி, பால் குடித்து, அவன் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கியபோது அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துணியை மெதுவாக அவிழ்த்து என் விரல்களைப் பார்த்தார். நகக்கண் வரைக்கும் உரிந்திருந்தது.

"எங்கிட்ட குடுத்திருக்கலாம்லா, ஞானம்" என்றார்.

"குடுத்திருக்கலாம்" என்றேன்.